ஆசிரியரையும் தன்னையும் மறுத்த ழோசேப் பெதியே

கட்டிலுக்கு மேலே தொங்கிய மாவுப்பானையைப் பார்த்தபடியே ஆடு, மாடு, கல்யாணம், பிள்ளை என்று கனவை வளர்த்து, கடைசியில் கனவு மனைவியை உதைக்கக் காலை வீசிப் பானையை உடைத்துக்கொண்ட பிராமணனின் பஞ்சதந்திரக் கதையைச் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன்ட்-ஆந்த்ரே ஊரில் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன வாரம் சொன்னேன். "இது லா ஃபோந்தேனின் பால்காரி கதைதானே, எது முதலில் வந்தது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். தலையில் பால்குடத்தோடு கனவு கண்டு பாலைக் கொட்டிவிட்ட பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் எழுதிய கதை அது. நம்முடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தவன், இதே ஊரில் ஒரு பள்ளிக்குப் பெயராக இருக்கும் பிரெஞ்சு இலக்கிய அறிஞர் பெதியேயை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

ழோசேப் பெதியே 1864இல் பாரிஸில் பிறந்தாலும் வளர்ந்தது ரீயூனியனில்தான். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு பாரிஸில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் காஸ்தோன் பாரி. ஐரோப்பாவின் இடைக்காலக் கதைகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து புறப்பட்டு வந்தவை என்ற கொள்கையை ஆதரித்தவர் அவர். அதையே 1893இல் 'ஃபாப்லியோ' (இடைக்காலப் பிரெஞ்சு நகைச்சுவைக் கதைப்பாடல்கள்) என்னும் ஆய்வு நூலில் பெதியே மறுத்தார். எந்த நாட்டு மனிதருக்கும் பொதுவான இயல்புகளில் பிறக்கும் கதைக்கு ஊர் தேடுவது வீண், அதை ஒவ்வொரு காலமும் எப்படிச் சொன்னது என்பதையே ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. சான்றுகளை அவர் ஒவ்வொன்றாக எடை போடும் பொறுமையைக் கண்ட பிறகுதான் அது தணிந்தது. ஆசான் மறைந்த 1903இல் கொலேழ் தெ பிரான்ஸ் என்ற பாரிஸின் உயர்கல்வி நிறுவனத்தில் அவருடைய இருக்கைக்கு வந்தவரும் பெதியேதான். பிரெஞ்சு அகாதமி அவரை 1920இல் தேர்ந்தெடுத்தது.

என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய பதிப்புப் பணி. 'நிழலின் பாட்டு' என்ற பழைய பிரெஞ்சுச் சிறு காவியத்தை 1890இல் பதிப்பித்தபோது, கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று வம்சமரம் வரைந்து மூலபாடத்தை மீட்கும் வழக்கமான முறையையே பின்பற்றினார். பின்னர், அறிஞர்கள் வரைந்த அத்தகைய மரங்களில் ஏறக்குறைய எல்லாமே இரண்டே கிளைகளாகப் பிரிவதைக் கவனித்தார். இயற்கை அப்படி ஒழுங்காக இருக்காது, பதிப்பாசிரியரின் விருப்பமே அங்கே மரமாகிறது என்று ஐயுற்று, 1913இல் தன் பழைய பதிப்பையே கைவிட்டு, சிறந்த ஒரே பிரதியைத் தேர்ந்து கூடியவரை அதில் கைவைக்காமல் அச்சிட்டார். பாடபேதங்களோடு மல்லுக்கட்டிய உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த காலமும் அதுவே என்பதால், இந்தக் கவலை நமக்கு அயலானதல்ல.

ஆக்ஸ்போர்டில் உள்ள கையெழுத்துப் பிரதியைக் கொண்டு 1922இல் அவர் வெளியிட்ட 'ரோலாந்தின் பாடல்' என்ற பழைய பிரெஞ்சு வீரகாவியப் பதிப்பு இந்தத் தீவுக்கே, பூர்போன் என்ற அதன் பழைய பெயரால், காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. வரும் சனிக்கிழமை பானையையும் பால்குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எங்கே எதை மாற்றிச் சொன்னார்கள் என்று அந்தச் சிறுமியையே கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன்.