நுழைவாயிலில் நிற்கும் மோட்டார் அறை

மெல்போர்னில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், நகரசபைக்குச் சொந்தமான ஒரு பொதுக் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. உறுப்பினர் சந்தா எதுவும் இல்லை; அன்றைய ஆட்டத்துக்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டு யார் வேண்டுமானாலும் ஆடலாம். அதனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், இரவுப் பணி முடித்து நேராக வரும் செவிலியர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அங்கே ஒரே வரிசையில் காத்து நிற்பதைக் காணலாம். பதினொரு ஆண்டுகளாக நானும் அந்த வரிசையில் நிற்கிறேன். நுழைவாயிலில், வண்டிகள் திரும்பும் இடத்துக்கு நேர் எதிரே, 1930களில் செங்கல்லால் கட்டிய ஒரு மோட்டார் அறையும், அதை ஒட்டி நான்கு கால்களின் மேல் நிற்கும் ஒரு கான்கிரீட் தண்ணீர்த் தொட்டியும் உள்ளன. உள்ளே வருகிறவர்களின் கண்ணில் புல்வெளிக்கு முன்பாக இவை இரண்டும்தான் படும்.

அவற்றின் தோற்றம் நெடுங்காலமாகப் பலரை உறுத்தி வந்தது. எப்போதோ யாரோ அந்தச் செங்கல் சுவருக்குக் கரும்பச்சை பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தார்கள். மரஞ்செடிகளுக்கு இடையே கட்டடம் கண்ணில் படாமல் போகட்டும் என்று எண்ணியிருக்கலாம். அந்தப் பச்சை வெயிலில் வெளுத்து, அப்பளம்போலக் கொப்பளித்து, தகடு தகடாக உரிந்துகொண்டிருந்தது. கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள். தொட்டியின் அடியில் துருநீர் வழிந்த தடங்கள். கடந்த ஆண்டு நுழைவாயிலைச் சீரமைக்க நகரசபை ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஆடுகிறவர்களிடையே தன்னார்வலர்களைக் கேட்டபோது நானும் பெயர் கொடுத்தேன். மொத்தம் ஏழு பேர் சேர்ந்தோம்.

முதல் கூட்டத்திலேயே கருத்துகள் பிரிந்துவிட்டன. சிலர் கட்டடத்தைக் கொடிகளால் முழுக்க மூடிவிட வேண்டும் என்றார்கள். வேறு சிலர், மட்டையை ஓங்கிய நிலையில் ஓர் ஆட்டக்காரரின் பெரிய ஓவியத்தைச் சுவர் முழுவதும் தீட்ட வேண்டும் என்றார்கள். நான் ஓவியத்தின் பக்கம் இருந்தேன். எங்களில் ஒருவருக்கும் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கேள்வியை எங்களுக்கு நினைவூட்டியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே புல்லைப் பராமரித்து வரும் தலைமைப் பராமரிப்பாளர். அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்களை வரச் சொன்னார்.

நாங்கள் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊதா நிறக் குழாய்கள் தரையிலிருந்து எழுந்து, வால்வுகளைக் கடந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு மைதானத்துக்குள் சென்றன. ஆஸ்திரேலியாவில் சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பப்படும் தண்ணீருக்கான குழாய்கள் ஊதா நிறத்தில்தான் இருக்கும். குடிநீர்க் குழாயோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. 1997 முதல் 2009 வரை நாட்டின் தென்கிழக்கை வாட்டிய நீண்ட வறட்சியின்போது மைதானம் காய்ந்துபோனதையும், அதன் பிறகே இந்தத் தண்ணீருக்கு மாறியதையும், ஆடுதளங்களின் பழைய புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் புல்லை நட்டதையும் அவர் சொன்னார். அந்தப் புல்லை இங்கே கவுச் என்று அழைக்கிறார்கள். குனிந்து பார்த்தபோதுதான் அது நம்முடைய அருகம்புல்லின் இனம் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டும் புல்லின் மேல் இத்தனை காலம் நடந்திருக்கிறேன். பதினெட்டுக் குழிகளுக்கும் அந்தப் பசுமையைக் கொண்டுசேர்ப்பது இந்த அறைதான்.

எங்கள் குழுவில் ஒரு புகைப்பட ஆசிரியை இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர் ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியின் படங்களைக் கொண்டுவந்தார். 1959 முதல் பல பத்தாண்டுகள் இவர்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும், மங்கிய வானத்தின் பின்னணியில், நேர்முகமாக, எந்த ஒப்பனையும் இன்றிப் படமெடுத்தார்கள். 1990ஆம் ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் இவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. புகைப்படங்களுக்காகச் சிற்பப் பிரிவில் தரப்பட்ட விருது அது. அந்தப் படங்களில் உள்ள தொட்டிகளைப் பார்த்துவிட்டு எங்கள் தொட்டியைப் பார்த்தபோது, அதன் நான்கு கால்களும் மேலே போகப் போகச் சற்றே ஒடுங்குவதும், தொட்டியின் கீழ் விளிம்பில் கான்கிரீட் வார்க்கக் கட்டிய பலகைகளின் வரிகள் அப்படியே பதிந்திருப்பதும் முதன்முதலாக என் கண்ணில் பட்டன.

அதே வாரம் ஸ்பாட்ஸ்வுட்டுக்கும் போனோம். மெல்போர்னின் மேற்கில் யாரா ஆற்றங்கரையில் உள்ள அந்தக் கழிவுநீரேற்று நிலையம் 1897இல் இயங்கத் தொடங்கி 1965 வரை உழைத்தது. இப்போது அறிவியல் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. 1880களில் இந்த ஊர் துர்நாற்றத்துக்கும் டைஃபாய்டு காய்ச்சலுக்கும் பெயர்போனது. அந்த நிலையிலிருந்து நகரத்தை மீட்ட நீராவி இயந்திரங்களுக்கு, பிரெஞ்சு மாளிகைகளின் சாயலில், செங்குத்தாகச் சரியும் கூரையுடைய கோபுரங்களோடு இரட்டைக் கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள். கழிவுநீரை இறைக்கும் இடத்துக்கு அத்தனை மரியாதை. அதன் முற்றத்தில் நின்றபோது, எங்கள் மோட்டார் அறையைப் பச்சையடித்து மறைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்தது.

இருந்தும் ஓவியத்தின் மேல் இருந்த ஆசை எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. அதனால் ஒரு வார இறுதியில், ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வண்டியோட்டி, விக்டோரியாவின் வடமேற்கில் உள்ள பிரிம் என்ற சிற்றூருக்குச் சென்றேன். நூறு பேர் அளவில் வாழும் அந்த ஊரில் 1939இல் கட்டிய கோதுமைச் சேமிப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. 30 மீட்டர் உயரம். கைவிடப்பட்ட அவற்றின் மேல் பிரிஸ்பேனைச் சேர்ந்த கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர், பெயர் சொல்லாத நான்கு உழவர்களின் உருவங்களைத் தீட்டி, 2016 ஜனவரியில் முடித்தார். அந்த ஓவியத்தைப் பார்த்து அருகில் உள்ள ஊர்களும் தங்கள் கோபுரங்களைத் தர முன்வர, இன்று அது 200 கிலோமீட்டர் நீளும் ஓர் ஓவியத் தடமாகிவிட்டது.

மாலை வெயிலில் அதன் எதிரே ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றேன். வான் ஹெல்டன் அங்கே பளபளக்கும் நிறம் எதையும் பயன்படுத்தவில்லை. சாம்பலும் மங்கிய பழுப்புமாக, கான்கிரீட்டின் நிறத்திலிருந்தே அந்த மனிதர்கள் எழுந்து வருகிறார்கள். உருளைகளின் வளைவும் பழைய கறைகளும் அவர்களுடைய உடைகளோடு கலந்துவிடுகின்றன. கோதுமையைச் சுமந்த சுவரில் கோதுமை விளைவித்தவர்கள் நிற்கிறார்கள். அந்தக் கோபுரங்களின் உழைப்பு முடிந்துவிட்டது, அதனால் அவற்றுக்கு நினைவுச்சின்னம் பொருந்துகிறது என்று எனக்குப் பட்டது. எங்கள் மோட்டார் அறை இன்னும் வேலையில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் ஓர் ஆட்டக்காரரின் படத்தை வரைந்து ஒட்டினால், உழைக்கிறவரை ஓரமாக நிறுத்திவிட்டு விருந்தாளியை முன்னிறுத்தியதாக ஆகும். திரும்பி வந்து இதைக் குழுவில் சொன்னேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கட்டடம் செய்யும் வேலையை வெளியே தெரியவைப்பதே அலங்காரம் என்று முடிவாயிற்று.

முதல் வேலை கூரை. ஆஸ்பெஸ்டாஸ் இங்கே 2003 டிசம்பர் 31 முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆனால் பழைய கட்டடங்களில் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் நாங்கள் கைவைக்கவில்லை. உரிமம் பெற்றவர்கள் வந்து, தகடுகளை உடைக்காமல் இறக்கி, உறையிட்டுக் கொண்டுபோனார்கள். அதன் இடத்தில் நெளிவுள்ள துத்தநாகத் தகரம் போட்டோம். மழை விழும்போது அந்த ஓசை கேட்பதற்காகவே நான் அங்கே நிற்பதுண்டு.

சுவர்தான் எங்களை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டது. பச்சை பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் பழைய வண்ணம் ஏதாவது இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், முதலில் சோதித்துப் பார்த்தோம், நல்லவேளையாக இல்லை. மணலைப் பீய்ச்சியடித்து ஒரே நாளில் உரித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எங்களுக்கு உதவ வந்த முதிய கொத்தனார் அதைக் கேட்டதும் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக் காட்டினார். சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளிப்புறத்தில் கடினமான ஒரு தோல் உண்டு. மணல் அந்தத் தோலைத் தின்றுவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான மண் மழையைக் குடித்துக் கரையத் தொடங்கும். பிளாஸ்டிக் பெயின்ட் செய்ததும் ஏறக்குறைய இதே கேடுதான்: சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, உப்பைப் பூக்கவைத்து, செங்கல்லின் முகத்தையே பொருக்காக உதிர்த்திருந்தது. பிற்காலத்தில் யாரோ சிமென்ட் கொண்டு பூசிய இணைப்புகள் செங்கல்லைவிட இறுகிப்போய், அதன் ஓரங்களை நொறுக்கியிருந்தன.

ஆகவே வண்ணத்தைக் கரைக்கும் பசையைப் பூசி, ஒரு நாள் ஊறவிட்டு, மரத்தகட்டால் சுரண்டி, வெந்நீராவியால் கழுவினோம். சிமென்ட்டைச் செதுக்கி எடுத்த இடங்களில் சுண்ணாம்புக் காரையை நிரப்பினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சில சதுர மீட்டர்கள்தான் முடியும். பச்சை விலகிய இடத்தில் வெளிப்பட்டது ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் கலந்த செங்கல். சன்னலின் மேல் வளைவில் மட்டும் வெளிர்மஞ்சள் செங்கற்கள் விசிறிபோல அடுக்கப்பட்டிருந்தன. அந்த விசிறி வெளிவந்த சனிக்கிழமை எங்களில் யாரும் மதிய உணவுக்குப் போகவில்லை. மோட்டாரைக் காப்பதற்கு அந்த விசிறி தேவையே இல்லை. ஆனாலும் அதைக் கட்டிய கை அப்படி ஓர் அழகைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த அழகை நாங்கள் புதிதாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

செங்கல்லுக்கு அதன் பிறகு எந்த வண்ணமும் பூசவில்லை. கிறுக்கல்களிலிருந்து காக்க மெழுகு வகைப் பூச்சு ஒன்றை மட்டும் தடவினோம். யாராவது கிறுக்கினால் மெழுகோடு சேர்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் பூசிக்கொள்ளலாம். நிரந்தரப் பூச்சுகளைப் போல அது சுவரின் மூச்சை அடைக்காது. தொட்டிக்கு மட்டும் சிலிகேட் வண்ணம் அடித்தோம். 1878இல் பவேரியாவில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் என்பவர் காப்புரிமை பெற்ற வகை இது. கான்கிரீட்டின் மேல் தோலாகப் படியாமல் அதனோடு வேதிவினை புரிந்து இறுகிவிடுவதால் உரியாது. நிறம் எது என்று கேட்டபோது நான் தயங்காமல் காவி என்றேன். கோயில் மதில்களில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிக்கும் வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, சுண்ணாம்பும் செம்மண்ணும் வெயிலில் எப்படி முதிரும் என்று தெரியும். பட்டை அடிக்கவில்லை, தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு முழ அகலத்துக்குக் காவி, மீதி வெறும் கான்கிரீட்டின் சாம்பல். அது போதுமானதாக இருந்தது.

கொடி வேண்டும் என்றவர்களின் விருப்பமும் வீண்போகவில்லை. சுவரில் வேரூன்றிப் பற்றும் ஐவி வகையைத் தவிர்த்து, சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி எஃகுக் கம்பிகளைக் கட்டி, இந்த மண்ணுக்கே உரிய ஹார்டன்பெர்ஜியா கொடியை இலையுதிர் காலத்தில் நட்டோம். குளிர்காலத்தின் கடைசியில் அது பூத்தது. அவரைக் குடும்பத்துச் சிறு பூக்கள், கொத்துக் கொத்தாக, உள்ளே ஓடும் குழாய்களின் அதே ஊதா நிறத்தில். காற்றுத் திறப்புகளின் பக்கம் கொடி போகாதபடி பராமரிப்பாளர் தானே வெட்டிவிடுகிறார். மோட்டாருக்கு மூச்சு முட்டக் கூடாது என்பது அவர் எங்களுக்கு முதலிலேயே போட்ட நிபந்தனை.

கடைசியாகக் கதவு. மோட்டாரை வெளியே எடுக்கவேண்டி வந்தால் முழுவதுமாகத் திறக்க வேண்டும், காற்று போக வேண்டும், பூட்டும் உறுதியாக இருக்க வேண்டும். துளையிட்ட எஃகுத் தகடு இந்த மூன்றுக்கும் பொருந்தியது. அந்தத் துளைகளை எந்த வடிவில் இடுவது என்ற பேச்சு வந்தபோது பராமரிப்பாளர் தன் மேசை இழுப்பறையிலிருந்து நைந்துபோன ஒரு தாளை எடுத்து விரித்தார். மைதானத்தின் அடியில் ஓடும் எல்லாக் குழாய்களின் வரைபடம். அவருக்கு முன்பு இருந்தவர் தொடங்கி, அவர் பென்சிலால் திருத்தித் திருத்தி வைத்திருந்தது. அதையே கதவாக்கினோம். மோட்டார் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பி, மரக்கிளைபோலப் பிரிந்து, பதினெட்டுப் பெரிய துளைகளில் போய் முடிகிற ஆயிரக்கணக்கான சிறு துளைகள்.

ஆவியாகி வீணாகும் தண்ணீர் குறைவு என்பதால் பாசனம் இரவில்தான் நடக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு தானாக எரியும்படி செய்திருக்கிறோம். கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு வருகிறவர்கள் தங்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஒளிரும் அந்தக் கோடுகளில் தாங்கள் நடந்துவந்த பாதையைத் தேடுகிறார்கள். வரும் கோடையில் ஏழாவது குழிக்கான குழாயை வேறு வழியில் திருப்பப்போவதாகப் பராமரிப்பாளர் சொல்லியிருக்கிறார். கதவின் வலது ஓரத்தில் அதற்காக ஒரு கையகல இடத்தைத் துளையிடாமல் விட்டுவைத்திருக்கிறோம்.