திரைகள் எளிது, அனுமதிகள் கடினம்

ஆப்ஸ்மித், டூல்ஜெட் போன்ற திறமூல லோ-கோட் (அதிகம் நிரல் எழுதாமலே செயலி உருவாக்க உதவும்) கருவிகளில் தரவுத்தளத்தை இணைத்து, படிவங்களையும் அட்டவணைகளையும் இழுத்து வைத்து, ஒரு நிறுவனத்தின் உள்பயன்பாட்டுச் செயலியை விரைவாக உருவாக்கிவிடலாம். ஆனால் யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம், யார் ஒப்புதல் தரலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்பவற்றை வரையறுப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செலவாகிறது. அதை எந்தக் கருவியும் நமக்காக யோசித்துத் தராது. அதனால்தான், ஒரு டாக்டைப்பை, அதாவது ஒருவகைப் பதிவின் கட்டமைப்பை, வரையறுத்தவுடன் தரவுத்தள அட்டவணை, படிவம், ரெஸ்ட் ஏபிஐ (பிற மென்பொருள்கள் இந்தத் தரவை அணுகும் வழி) ஆகியவற்றைத் தானே உருவாக்கி, பொறுப்புவாரியான அனுமதிகளையும் அங்கேயே அமைக்க வழிவிடும் ஃப்ராப்பே என்னும் திறமூலக் கருவி எனக்கு உவப்பானது.

உரிமத்தையும் (பலர் படிப்பதே இல்லை) முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஃப்ராப்பேயின் எம்ஐடி உரிமம் தாராளமானது; டூல்ஜெட்டின் ஏஜிபிஎல் உரிமப்படி, மாற்றியமைத்த மென்பொருளை வலையமைப்பு வழியே பயன்படுத்துவோருக்கு அதன் மூலநிரலையும் தர முன்வர வேண்டும்.