பெய்ஜிங் அரண்மனையில் அந்த அண்டாக்கள் எதற்கு?

பெய்ஜிங்கின் ‘தடைசெய்யப்பட்ட நகர’த்துக்குப் போகிறவர்கள் முற்றத்தில் நிற்கும் பெரிய உலோக அண்டாக்களை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அவைதான் அரண்மனையின் தீயணைப்பு ஏற்பாடு.

மண்டபங்கள் எல்லாம் மரம். 1420இல் கட்டி முடித்தார்கள்; அடுத்த வருடமே மின்னல் தாக்கி மூன்று பெரிய மண்டபங்களும் சாம்பல். அவற்றில் ஒன்றான தைஹே மண்டபம், இன்று நிற்பது, 1690களில் மறுபடி எழுப்பியது.

அண்டாவில் எப்போதும் தண்ணீர் இருக்கணும். ஆனால் பெய்ஜிங் குளிரில் உறைந்துவிடுமே? அதற்காகப் பஞ்சுப் போர்வை சுற்றி, மூடி போட்டு, கடுங்குளிரில் அடியிலுள்ள கல் பீடத்துக்குள் கரி மூட்டினார்கள். தீயணைக்கும் தண்ணீருக்குக் கீழே தீ!

நூலகமான வென்யுவான் மண்டபத்துக்குக் கறுப்பு ஓடு. சீனர்களின் ஐம்பூதத்தில் (நம்முடையது வேறு, அங்கே மரமும் உலோகமும் சேர்த்தி) கறுப்பு நீரின் நிறம்; அதனால் தீ அண்டாது என்று நம்பிக்கை.

நிலநடுக்கத்துக்கு இதைவிட உருப்படியான வழி வைத்திருந்தார்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தினார்கள். தூணுக்கும் கூரைக்கும் நடுவே, நம்மூர்ப் போதிகை மாதிரி, ஆணியில்லாமல் கோத்த மரத்துண்டுகள் அடுக்கடுக்காக. தரை ஆடினால் மூட்டுகள் சற்றே நெளிந்து கொடுக்கும், உடையாது.