சேரின் இரண்டு பால்மா ரின்கள்

எங்கள் உயிரியல் சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்த அன்று, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எல்லோரும் எழுதியது அந்த இரண்டு பால்மா ரின்களைப் பற்றித்தான்.

பிறப்புரிமையியல், அதாவது பரம்பரை இயல்புகள் இறங்கும் விதம் பற்றிய பாடம், தொடங்கும் நாளில் சேர் புத்தகத்தைத் திறக்கமாட்டார். ஒவ்வொரு ரின்னிலும் திருகோணமலைக் கோணேசர் கோயிலடிக் கடையில் வாங்கிய பாசிமணி, சிவப்பு 20, வெள்ளை 20. ஒரு ரின் தாய், மற்றது தந்தை. ஒரு மணி ஓர் எதிருரு, அதாவது ஒரு பரம்பரை அலகின் ஒரு வடிவம். கண்ணை மூடி இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தால் ஒரு பிள்ளை. இரண்டும் ஒரே நிறமென்றால் ஓரினநுகம், வேறுவேறென்றால் இதரநுகம். சிவப்பை ஆட்சியானது என்று வைத்தால், அதோடு வெள்ளை ஒன்று சேர்ந்திருந்தாலும் தோற்றவமைப்பு (வெளியே தெரிவது) சிவப்புத்தான். பிறப்புரிமையமைப்பு (உள்ளே இருக்கும் சோடி) மட்டும் வேறு. (ஆட்சி என்றால் ஊரில் கூடுதலாக இருப்பது என்று எழுதினால் புள்ளி இல்லை. ஆறாம் விரல் பல குடும்பங்களில் ஆட்சியாகத்தான் இறங்குகிறது. எத்தனை பேருக்குக் கண்டிருக்கிறோம்?)

மணிகள் ஒரே பருமனாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் தெரிந்தெடுத்துவிடும். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும். சிவப்பாகத் தெரியும் பிள்ளைகள் மூன்றுக்கு வெள்ளை ஒன்று என்பதுதான் கணக்கு, ஆனால் பத்துத் தரத்தில் அந்த 3:1 வராது. வகுப்பு முழுவதின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டினால் கிட்ட வரும். அதன் பக்கத்தில்தான் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கை எழுதுவார்: உருண்டை 5474, சுருங்கியது 1850. வகுத்தால் 2.96. "ஏழாயிரத்துக்கு மேல எண்ணின மனிசனுக்கே சரியா மூண்டு வரேல்லை, பிள்ளையள்."

பிறகு தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். தாயும் தந்தையும் காவி (நோய் எதிருரு ஒன்றை மட்டும் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 வீதம், காவியாக 50 வீதம். மூத்ததுக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்று நினைப்பதுதான் பெரும் பிழை. அதைச் சொல்லும்போது சேர் ரின்னை ஒருதரம் குலுக்கிக் காட்டுவார். மணி திரும்ப உள்ளே போய்விட்டது. அடுத்த பிள்ளைக்குக் கணக்கு முதலிலிருந்து. கலியாணத்துக்கு முன் இரண்டு பேரும் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று அவர் சொன்னதை எங்களில் பலர் கேட்டு நடந்தோம்.

இங்கே பிள்ளைகளுக்கு இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எங்கள் வாயில் முந்திவருவது எதிருரு, இதரநுகம். அவர்களுக்கு அந்தச் சொற்கள் விளங்குவதில்லை. பாசிமணியை எடுத்து வைத்தால் விளங்குகிறது. இதைச் சேரிடம் சொல்லியிருக்கலாம். விடுமுறைக்குப் போனபோதெல்லாம் கோணேசரைக் கும்பிட்டோம், கோட்டைக்குள் மான் பார்த்தோம், கடற்கரையில் இருந்தோம். சேர் வீட்டுப் பக்கம் போகவில்லை.