ஃபிளெக்ஸுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

18 ஜூலை 2024, வியாழன்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆடி இரண்டாம் வெள்ளிக்குக் கச்சேரி வேண்டுமாம். டீக்கடை வாசலில் வைத்து மேனேஜர் அண்ணன் எங்கள் பழைய கச்சேரி வீடியோக்களை போனில் போட்டுக் காட்டினார். கமிட்டித் தலைவர் போனைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்து அவருடைய ஆள் ஒருவருக்கு அழைப்பு வர, சவுண்டைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். அவர் பேசி முடித்த பிறகும் கூட்டவில்லை. மூன்று பாட்டு. மூன்றையும் ஊமைப்படமாகவே பார்த்து முடித்தார்.

"இந்தப் பொண்ணு நல்லாப் பாடுதுண்ணே. அம்மன் பாட்டையும் இதுவே பாடட்டும்."

"அம்மன் பாட்டு எப்பவும் அக்காதாங்க எடுப்பாங்க. இருபத்தெட்டு வருசமா அவங்கதான்."

"அக்கா பின்னாடி கோரஸ்ல நிக்கட்டும். வேணாம்னா சொன்னோம்?"

அட்வான்ஸ் ஐயாயிரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்லாப் பாடுது என்று அவர் சொன்னது பொய்யில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். எனக்கு உறுத்துவதே அதுதான்.

(புதிதாகப் படிப்பவர்களுக்கு: மதுரையில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சவுண்ட் மிக்ஸர் பார்க்கிறேன். ட்ராக் (முன்பே பதிவு செய்த இசை) போடுவது, மைக் ஏற்றி இறக்குவது, ஜெனரேட்டர்காரரோடு சண்டை போடுவது எல்லாம் நான்தான்.)

19 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலை ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் 'செல்லாத்தா செல்ல மாரியாத்தா'. எல்.ஆர்.ஈஸ்வரி. நான் பிறந்ததிலிருந்து ஆடி மாதம் என்றால் இந்தக் குரல்தான்.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது முழுப் பெயர். கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவோடு போய் சினிமாவில் கோரஸ் பாட ஆரம்பித்தவர். அப்புறம் 'வல்லவன் ஒருவ'னில் 'பளிங்கினால் ஒரு மாளிகை', 'பணமா பாசமா'வில் 'எலந்தப் பயம்'. கிளப் டான்ஸ் என்றால் கூப்பிடு ஈஸ்வரியை என்று சினிமாக்காரர்கள் ஒரு முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். அதே தொண்டை மாரியம்மனைக் கூப்பிட்டபோது ஊர் ஊராகப் பெண்கள் சாமியாடினார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? குழாய் ஸ்பீக்கருக்கு முகம் கிடையாது.

பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே ஒரு வகையில் பாடகர்களுக்குப் புகலிடமாக இருந்திருக்கிறது. திரையில் நடிகை வாயசைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஏமாற்று இல்லை, டைட்டிலில் பெயர் வரும். மேடைக்கு வந்தால்தான் சிக்கல்.

21 ஜூலை, ஞாயிறு

கச்சேரி இல்லாத ஞாயிறு. மில்லி வனில்லி கதையைத் திரும்பத் தேடிப் படித்தேன். வியாழக்கிழமையிலிருந்து அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் போனி எம் என்ற பாட்டுக் குழு. சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது ஒரு டூ-இன்-ஒன்னும் இவர்கள் கேசட்டும் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாமல் அவர்களுடைய 'ரஸ்புடின்' பாட்டுக்கு ஆடாத பையன் கிடையாது. அட்டையில் இருக்கும் சுருட்டை முடிக்காரர் பாபி ஃபாரெல்தான் அந்தக் கட்டைக் குரலுக்குச் சொந்தக்காரர் என்று ரொம்ப காலம் நம்பியிருந்தேன். ரெக்கார்டில் அவர் பாடவே இல்லை. அது ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளரின் குரல். ஸ்டுடியோவில் ஃபாரியன் பாடுவார், மேடையில் பாபி ஆடுவார். உண்மை தெரிந்தும் எனக்குக் கோபம் வரவில்லை. பாபியை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் பாதிதான் மிஞ்சும்போல் இருக்கிறது. பாபி 2010 டிசம்பர் 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார். அந்தப் பாட்டில் வரும் ரஷ்யச் சாமியார் ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், அதே தேதியில், 1916இல். இதற்கும் நான் எழுத வந்ததற்கும் சம்பந்தமில்லை, விட மனசில்லை.

போனி எம்முக்குப் பத்து வருஷம் கழித்து ஃபாரியன் இன்னொரு தடவை இதையே செய்தார். இந்தத் தடவை ஒட்டுமொத்தமாக. பிராட் ஹோவெல், ஜான் டேவிஸ், சார்லஸ் ஷா என்று நன்றாகப் பாடக்கூடிய ஆட்கள் கையில் இருந்தார்கள். வீடியோவுக்கு எடுப்பாக இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். நீளப் பின்னல், நல்ல உடல்வாகு, ஆட்டம். மில்லி வனில்லி என்ற பெயரில், அவர்கள் முகத்தோடு பாட்டு வெளியானது. அமெரிக்காவில் மட்டும் மூன்று பாட்டு முதலிடம்.

1989 ஜூலை, கனெக்டிகட்டில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. மேடையில், குரலோடு பதிவு செய்து ஓடவிட்ட ட்ராக் சிக்கிக்கொண்டது. பாதி வரி, திரும்ப அதே பாதி வரி, திரும்பவும். ராப் மேடையை விட்டே ஓடிவிட்டார். இதைப் படிக்கும்போது என் உள்ளங்கை வேர்த்தது. எனக்கும் ஒரு தடவை லேப்டாப் உறைந்துபோயிருக்கிறது. மிக்ஸரில் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரை இறக்கிவிட்டு ரிதம் பேட் தம்பிக்குக் கையைக் காட்டினேன், அவன் புரிந்துகொண்டு நாலு நிமிஷம் தனியாக வாசித்தான், ஜனம் விசிலடித்தது. ராபுக்கு அப்படி ஒரு தம்பி இல்லை.

எல்லோரும் தவறவிடுகிற இடம் இதற்கு அடுத்தது. அங்கே கூட்டம் ஒன்றும் கொதிக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, 1990 பிப்ரவரியில், அவர்களுக்குச் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதே கிடைத்தது. கேட்டவர்களுக்கு இசைத்தட்டு பிடித்திருந்தது, பார்த்தவர்களுக்கு ஆட்டம் பிடித்திருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை. நவம்பரில் ஃபாரியனே வாயைத் திறந்த பிறகுதான் விருதைப் பறித்தார்கள். வழக்கு போட்டு, ரெக்கார்டு வாங்கினவர்களுக்குச் சில டாலர் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். நிஜமாகப் பாடினவர்களை முன்னால் நிறுத்தி, 'ரியல் மில்லி வனில்லி' என்று பெயர் வைத்தே ஓர் ஆல்பம் வந்தது. அதே குரல்கள், அதே தயாரிப்பாளர். பழைய விற்பனையின் பக்கத்தில்கூட வரவில்லை. ராபும் ஃபாபும் 1993இல் சொந்தக் குரலில் ஒன்று போட்டார்கள். இரண்டாயிரம் பிரதி போலத்தான் போனதாம். குரல் தனியாகப் போய்த் தோற்றது, முகமும் தனியாகப் போய்த் தோற்றது. திறமையா தோற்றமா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்த இரண்டு ஆல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ராப் 1998இல் இறந்தபோது வயது 32. ஃபாரியன் இந்த ஜனவரியில் போனார், 82 வயது வரை இருந்தார்.

23 ஜூலை, செவ்வாய்

பிராக்டிஸ். மேனேஜர் அண்ணன் வழி கண்டுபிடித்துவிட்டார். அம்மன் பாட்டுகள் மூன்றுக்கும் அக்கா பின்னால் உட்கார்ந்து பாடுவார், பொண்ணு முன்னால் நின்று வாயசைக்கும். "ரெண்டு பேருக்கும் சம்பளம் உண்டுப்பா, யாருக்கு என்ன நட்டம்?"

பொண்ணின் குரலைக் குறை சொல்ல மாட்டேன். சன்னமான குரல், சுருதி நிற்கும், மெலடிக்கு அழகாக இருக்கும். அம்மன் பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் மூச்சு பத்தவில்லை, நூல் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கே தெரியும். "எனக்கு வெக்கமா இருக்குண்ணே" என்று என்னிடம்தான் வந்து சொன்னது. மேனேஜரிடம் சொல்லவில்லை.

வெட்கப்பட வேண்டியவன் நான். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாண ரிசப்ஷனில் முழுப் பாட்டையும் ப்ளஸ் ட்ராக்கில், அதாவது குரலும் சேர்ந்த பதிவில், ஓடவிட்டிருக்கிறேன். அதில் கைப்பக்குவம் ஒன்று இருக்கிறது. மைக்கை முழுசாக மூடக்கூடாது. கால்வாசி திறந்தே இருக்க வேண்டும். மூச்சுச் சத்தமும், உதடு மைக்கில் படுகிற சத்தமும் வெளியே வந்தால்தான் ஜனம் நம்பும். பாட்டுக்கு நடுவில் பாடகி "கை தட்டுங்க" என்று சொன்னால், ட்ராக்கில் இருக்கிற அதே எக்கோ அந்தச் சொல்லிலும் இருக்க வேண்டும். அது மாறினால் குட்டு உடைந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரிசப்ஷன் அன்றே கற்றுக்கொண்டேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் ஸ்கேலைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷ் நினைவுக்கு வந்தார். 1990இல் 'எவ்ரிபடி டான்ஸ் நவ்' என்று உலகமே கத்தியது அவருடைய தொண்டை. வீடியோவில் வாயசைத்தது வேறொரு ஒல்லியான பெண். பிளாக் பாக்ஸ் குழுவின் பாட்டுகளிலும் இதே கதை, அங்கே ஒரு மாடல். மார்த்தா பெருத்த உடம்புக்காரர், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அவர் போட்ட வழக்குகளுக்குப் பிறகுதான் பாடினவர் பெயரை ஒழுங்காகப் போடுகிற பழக்கம் அங்கே வந்தது. அக்காவுக்கு எந்தக் கோர்ட்?

24 ஜூலை, புதன்

பேஸ் கிட்டார் அண்ணனோடு தர்க்கம். "எல்லாம் கெட்டப்புதான்டா" என்கிறார். எடுத்துக்காட்டாக அவர் இழுத்தது உஷா உதுப்பை. "காஞ்சிபுரம் பட்டு, இம்மாம் பெரிய பொட்டு. அது இல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

அவர் பாதி சரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பப்பட்ட குரல் அது, பெண் குரல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்ற அளவுக்குள் அடங்காததால். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு நைட் கிளப். அங்கே பட்டுப்புடவை கட்டி நின்று ஆங்கிலப் பாட்டு பாடினார். கிளப் பாடகி என்றால் கவுன் என்றிருந்த காலம். பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், வீட்டில் கட்டுவதையே மேடையிலும் கட்டிக்கொண்டு போனார். அது அப்புறம்தான் கெட்டப் ஆனது. ஒருத்தர் கணக்குப் போட்டு வாடகைக்கு எடுத்த மில்லி வனில்லி முகத்துக்கும், ஒருத்தி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய புடவைக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்டேன்.

"ஜனத்துக்கு அது தெரியுமா?"

தெரியாது. ஆனால் ஐம்பத்தைந்து வருஷமாக அந்தப் புடவையில் அந்தக் குரல்தான் பாடுகிறது. வாடகைக்கு எடுத்த முகம் அத்தனை நாள் தாங்காது. நான் இப்படிச் சொன்னதும் அண்ணன் டீ காசை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

27 ஜூலை, சனி, அதிகாலை 4.10

வேன் இப்போதுதான் இறக்கிவிட்டது. தூக்கம் வரவில்லை.

மேடைக்கு இடது பக்கம் என் மிக்ஸர். ஃபிளெக்ஸுக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தம் படாத மூலையில் அக்காவுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு பேரும் தெரிந்தார்கள். முன்னால் விளக்கு வெளிச்சத்தில் பொண்ணு, மஞ்சள் புடவை, வேப்பிலைக் கொத்து. பின்னால் அக்கா, மடியில் பாட்டுப் பேப்பர், காலருகே கொசுவர்த்தி. மேல் ஸ்தாயி வரும்போது அக்கா இடது கையால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பார். இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை. முன்னால் பொண்ணும் அதே இடத்தில் அதே மாதிரி கழுத்தைச் சாய்த்தது. செவ்வாய்க்கிழமை பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

எதுவும் சிக்கவில்லை. கரண்ட் போகவில்லை. இரண்டாவது சரணத்தில் நாலைந்து பெண்களுக்கு அருள் வந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். கமிட்டித் தலைவர் பொண்ணுக்குப் பொன்னாடை போர்த்தி, "மாரியாத்தாளே இந்தப் பிள்ள தொண்டையில எறங்கிட்டா" என்று மைக்கில் சொன்னார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வந்தன.

வேனில் பொண்ணு அந்தத் தாள்களை அப்படியே அக்கா கையில் வைத்தது. அக்கா எண்ணிப் பார்த்தார், சரிபாதி பிரித்து மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "நீ அரை மணி நேரம் நின்னு ஆடுன. எனக்கு முட்டி வலி, உக்காந்து பாடுனது சவுரியமாத்தான் இருந்துச்சு."

நான் ஒரு அழுகையை எதிர்பார்த்திருந்தேன் என்று நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. செக்கானூரணி தாண்டியதும் பொண்ணு மெதுவாகக் கேட்டது: "அக்கா, அந்த மேல போற எடத்துல மூச்ச எங்க எடுக்கிறீங்க?" மதுரை வரும் வரை இரண்டு பேரும் அந்த ஒரு வரியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள்.

30 ஜூலை, செவ்வாய்

கச்சேரி வீடியோவை யாரோ போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முகத்துக்கு நெருக்கமாக எடுத்த வீடியோ. பக்கத்துத் தாலுகாவிலிருந்து மேனேஜர் அண்ணனுக்கு அழைப்பு. அம்மன் பாட்டுப் பாடின பொண்ணு மட்டும் போதுமாம். ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், ட்ராக் வைத்துக்கொள்ளலாம், செலவு குறையும். மூன்று ஊர், வரிசையாக.

மதியம் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, அன்னைக்கு அக்கா பாடுனது உன்கிட்ட ரெக்கார்டு இருக்கா?"

மிக்ஸரில் ஒரு பென் டிரைவ் எப்போதும் சொருகியிருக்கும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக அதில் பதிவாகும். அக்காவின் மைக் நாலாவது சேனல். எக்கோ எதுவும் சேராமல், தாளம் கலக்காமல், வெறும் குரல், மூச்சோடு.

"பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

பென் டிரைவ் சட்டைப் பையில்தான் இருந்தது. சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. இந்நேரம் பொண்ணு பாடம் கேட்க அங்கே போயிருக்கும்.