ஒரே சாக்கெட் சர்வரும் மாம்பழக்கூழ் ஆலையும்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு சர்வர் போட்டுக்கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். கூழ் ஆலை என்றதும் பாய்லரும் டப்பா நிரப்பும் லைனும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் சீசனில் பெங்களூரா காய் லோடு லோடாக இறங்கத் தொடங்கிவிட்டால், எடை மேடைச் சீட்டு, விவசாயி கணக்கு, லேப் ரிப்போர்ட், எந்த லோடு எந்த டிரம்முக்குள் போனது என்கிற ஏற்றுமதிப் பதிவு, எல்லாமே ஆபீஸ் பின்னறையில் இருக்கும் ஒரு சர்வரை நம்பித்தான் ஓடுகின்றன. அது நின்றால் கேட்டுக்கு வெளியே லாரி வரிசை நீளும். பழம் அதுவரை காத்திருக்காது.

அதனால் சர்வர் சிப் தயாரிப்பாளர்களின் போட்டியை நான் பங்குச்சந்தைச் செய்தியாகப் படிப்பதில்லை. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் விடாமல் மோதிக்கொண்டிருந்தால்தான் இந்த ஊர் ஆலைக்கு நியாயமான விலையில் நல்ல பெட்டி கிடைக்கும். எதிராளி இல்லாத வருடங்களையும் இருந்த வருடங்களையும் கொட்டேஷன் தாள்களில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2003 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் என்ற சர்வர் சிப் வந்தது. அப்போது, நிறைய மெமரியைக் கையாளவல்ல 64 பிட் முறைக்கு இன்டெல் கைகாட்டியது இட்டானியம் என்ற முற்றிலும் வேறு வகைச் சிப்பை. ஏ.எம்.டி.யோ எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்த எக்ஸ்86 வகையையே 64 பிட்டுக்கு நீட்டியது. மெமரியோடு பேசும் மெமரி கன்ட்ரோலரையும் சிப்புக்குள்ளேயே வைத்தது. பழைய மென்பொருளும் ஓடும், புதியதும் ஓடும். அடுத்த வருடமே இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. இன்றைக்கு இன்டெல் சர்வரில் ஓடும் 64 பிட் கட்டளைத் தொகுப்பின் அடிப்படையும் அன்று ஏ.எம்.டி. வகுத்ததுதான். 2006 வாக்கில் சர்வர் சந்தையில் ஏறக்குறைய கால் பங்கு ஏ.எம்.டி. கையில் இருந்தது. அப்புறம் இறங்குமுகம். 2007-இல் பார்சிலோனா சிப்பில் பிழை வந்து விற்பனை தள்ளிப்போனது, 2011-இல் வந்த புல்டோசர் வடிவமைப்பு எடுபடவில்லை. 2017 தொடக்கத்தில் சர்வரில் அவர்கள் பங்கு 1 சதவீதம்கூட இல்லை.

அந்த வறண்ட வருடங்களில் எந்த டீலரிடம் கேட்டாலும் கொட்டேஷன் ஒரே மாதிரிதான் வரும்: இரண்டு சாக்கெட் (போர்டில் சிப்பைப் பொருத்தும் இடம்), இரண்டு ஜியான் (இன்டெல்லின் சர்வர் சிப்). இன்டெல் சிப் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தக் காலத்து ஜியான் ஈ5 போட்ட பெட்டிகள் இன்னும் சில ஆபீஸ்களில் உழைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனியாக விலை வைக்க அவர்களால் முடிந்தது. கேள்வி கேட்க இன்னொரு கடை இல்லை.

2017 ஜூனில் ஏ.எம்.டி.யின் புது சர்வர் சிப்பான எபிக் வந்தது. ஒரு சிப்பில் 32 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 8 மெமரி சேனல் (மெமரிக்குப் போகும் பாதை), 128 பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன். அடுத்த மாதம் வந்த இன்டெல்லின் ஜியான் ஸ்கேலபிளில் அதிகபட்சம் 28 கோர், 6 சேனல், 48 லேன். எல்லோரும் கோர் எண்ணிக்கையைப் பேசினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம் அந்த 128 லேன்தான்.

லேன் என்பது டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பல டிஸ்க்கைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு எல்லாம் சிப்போடு பேசும் பாதை. பாதை குறைந்தால், வேலைக்கு ஒரு சிப் தாராளமாகப் போதும் என்றாலும் பாதைக்காகவே இரண்டாவது சிப் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு சாக்கெட் போர்டில் ஒன்றைக் காலியாக விட்டால் அந்தப் பக்கத்து மெமரி ஸ்லாட்டுகளும் சில கார்டு ஸ்லாட்டுகளும் உயிரில்லாமல் கிடக்கும். கூழ் ஆலைக்கு 16 கோரே தாராளம். நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உண்டாக்கும் தனித்தனிக் கணினி), ஒரு டேட்டாபேஸ், கேமரா பதிவு, அவ்வளவுதான். ஆனால் டிஸ்க் வேகமாக இருக்க வேண்டும், மெமரி நிறைய வேண்டும். ஒரே சாக்கெட்டில் இது அத்தனையும் கிடைக்கும் என்று ஆனபோது, என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சிப்பின் விலை அப்படியே மிச்சமானது. லைசென்ஸ் கணக்கும் ஒத்துப்போகிறது: 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வருக்குக் கோர் கணக்கில்தான் காசு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். 16 கோர் சிப் ஒன்று போட்டால் கட்டிய காசு வீணாகாது.

பர்கூர் பக்கத்து ஆலை முதலாளி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "ஏம்மா, உள்ள இன்டெல் இல்லைன்னா பின்னாடி ஏதும் பிரச்சினை வராதா?"

"வராதுங்க ஐயா. டேலியும் விண்டோஸும் எதையும் மாத்தாமலே ஓடும்."

ஒரு விஷயம் மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை இன்டெல் பெட்டியிலிருந்து ஏ.எம்.டி. பெட்டிக்கு நிறுத்தாமல் நகர்த்த முடியாது. அணைத்து, மாற்றி, மறுபடி எழுப்ப வேண்டும். அதனால் சீசன் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம்.

2019 ஆகஸ்டில் எபிக்கின் இரண்டாம் தலைமுறை 64 கோரோடு வந்தது. அதை ஒரே பெரிய சிப்பாகச் செய்யாமல், தைவான் சிப் ஆலையான டி.எஸ்.எம்.சி.யின் 7 நேனோமீட்டர் முறையில் (எண் குறைந்தால் வேலை நுணுக்கம் கூடும்) செய்த சின்னச் சின்னத் துண்டுகளை நடுவில் ஒரு தனித் துண்டோடு சேர்த்து ஒட்டினார்கள். சிலிக்கான் வட்டில் குறைகள் ஆங்காங்கே இருக்கத்தான் செய்யும். துண்டு சிறியதாக இருந்தால் ஒரு குறையால் வீணாகும் பரப்பும் குறைவு. அதே காலத்தில் இன்டெல் தன் 10 நேனோமீட்டரில் வருடக்கணக்காகச் சிக்கிக்கிடந்தது. அந்தத் தொழில்நுட்பத்தில் அவர்களின் முக்கிய சர்வர் சிப் வந்தது 2021 ஏப்ரலில்.

போட்டியால் நமக்கென்ன லாபம் என்று யாராவது என்னிடம் கேட்டால், இடையில் இன்டெல் செய்த ஒன்றை உடனே எடுத்துச் சொல்வேன். 2019 ஏப்ரலில் வந்த ஜியான் பிளாட்டினம் 8280, 28 கோர், அறிவித்த விலை 10,009 டாலர். 2020 பிப்ரவரியில் வந்த ஜியான் கோல்டு 6258ஆர், அதே 28 கோர், அதே 2.7 கிகாஹெர்ட்ஸ், விலை 3,950 டாலர். முக்கிய வித்தியாசம், முதலாவதை எட்டு சாக்கெட் வரை கோக்கலாம், இரண்டாவதை இரண்டு வரைதான். எட்டு சாக்கெட் சர்வரை நம் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு வருடத்துக்குள் விலை இப்படி இறங்கியதற்கு, 64 கோர் எபிக் 6,950 டாலருக்குக் கடையில் நின்றதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய நிறுவனங்கள் கழற்றிப்போடும் சர்வர்கள் சில வருடம் கழித்து பெங்களூருவின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்கு வரும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சின்ன யூனிட்கள் பல அங்கேதான் போகின்றன. எபிக் சிப்பைத் தனியாக அங்கே வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில சர்வர் நிறுவனங்கள் பாதுகாப்புக்காக சிப்பைத் தங்கள் போர்டுக்கே பூட்டிவிடுகின்றன. பூட்டிய சிப் வேறு நிறுவனத்தின் போர்டில் எழும்பாது, பூட்டைத் திறக்கவும் முடியாது. எந்தப் பெட்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு, உங்கள் போர்டிலேயே போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். பாதுகாப்புக் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நல்ல சிப் ஒன்று குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இப்போது மூன்றாவது கையாக ஆர்ம் என்ற வேறு வகைச் சிப் வந்திருக்கிறது. அமேசான் 2018-இல் கிராவிட்டானை அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் 2023-இல் கோபால்ட்டை, கூகுள் 2024-இல் ஆக்ஸியானை. மூன்றுமே அவரவர் கிளவுடில், அதாவது இணையம் வழியாக, வாடகைக்கு மட்டும் கிடைக்கும், எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. நெடுஞ்சாலையில் எங்கோ பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால் எடை மேடை நின்றுவிடக் கூடாது; அதனால்தான் எங்கள் ஆலைகளின் சர்வர் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய சிப்பைத் தாங்களே வடிவமைத்துக்கொண்டால், கடையில் வாங்குகிற எங்களுக்காகப் போட்டி போட எவ்வளவு பேர் மிஞ்சுவார்கள்?

ஆகவே இன்டெல் தளர்வதில் எனக்குத் துளி மகிழ்ச்சியும் இல்லை. 2025-இல் ஏ.எம்.டி.யின் சர்வர் பங்கு கால் பங்குக்கு மேல் இருந்தது, நல்லது. ஆனால் அவர்களும் தனியாக நின்றால் 2016-இன் கொட்டேஷன்தான் மறுபடி வரும். இன்டெல் 2024 செப்டம்பரில் 128 கோர் ஜியான் 6-ஐக் கொண்டுவந்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. 2025-இல் அதே வரிசையில் ஒரே சாக்கெட்டுக்கென்றே 136 லேன் உள்ள மாடல்களையும் விட்டார்கள். எபிக்கின் 128 லேனுக்கு வந்த பதில் அது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த சீசன் முடிந்ததும் காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலை ஒன்றுக்குப் புது சர்வர் போட வேண்டும். 16 கோர் வரை உள்ள எபிக் 4004 சின்ன ஆலைக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மெமரி 192 ஜி.பி.தான், லேன் 28தான். அந்த முதலாளி கூடுதலாக ஒரு லைன் போடப்போகிறார், கேமராவும் ஏறும். அதனால் எட்டு சேனல் ஜியான் 6 ஒன்றுக்கும் சேர்த்து விலை கேட்டிருக்கிறேன். இரண்டு டீலரிடமும், எதிரே இன்னொரு கொட்டேஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.