பேராயர் மாளிகையும் ஃபிரிட்ஸும்

பிரான்சில் தூர் நகரத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய கஷ்டம், காசு செலவழிக்காமல் உட்கார ஓர் இடம் இல்லாததுதான். கஃபேயில் உட்கார்ந்தால் ஒரு காபியாவது வாங்க வேண்டும். அப்போது கைகொடுத்தது பழைய பேராயர் மாளிகையின் தோட்டம். கதீட்ரலை ஒட்டிய அந்த மாளிகை 1910 முதல் நுண்கலை அருங்காட்சியகம். படம் பார்க்கத்தான் டிக்கெட், தோட்டம் இலவசம். புதுச்சேரியில் வளர்ந்த எனக்கு இதுவே ஆச்சரியம். அங்கே பிரெஞ்சு கவர்னரின் மாளிகை பிற்பாடு துணைநிலை ஆளுநரின் ராஜ் நிவாஸ் ஆனது. எதிரே பாரதி பூங்காவில் உட்கார்ந்து அதன் கேட்டைப் பார்த்ததோடு சரி.

தோட்டத்தில் 1804இல் நட்ட லெபனான் தேவதாரு ஒன்று, கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பக்கத்து பெஞ்சில் வந்து உட்காரும் பாட்டிகளிடம்தான் என் பள்ளிக்கூட பிரெஞ்சு வாய் திறந்தது. வெயில், மழை, டிராம் ஸ்ட்ரைக், அப்புறம் மறுபடியும் மழை.

ஊரிலிருந்து மாமியார் வந்தபோது அங்கேதான் கூட்டிப்போனேன். முற்றத்தில், மாளிகைக்கு எதிரே உள்ள கொட்டகையில் கண்ணாடிக்குப் பின்னால் ஃபிரிட்ஸ் நிற்கிறது. பாடம் பண்ணிய ஆசிய யானை. 1902இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸோடு வந்தது, தெருவில் கட்டுக்கடங்காமல் போகவே இந்த ஊரிலேயே கொன்றுவிட்டார்கள்.

"புதைக்கக்கூட மனசு வரலையா இவங்களுக்கு?" என்று மாமியார் அங்கேயே நின்றுவிட்டார். 2022இல் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி இறந்தபோது ஊரே திரண்டு அழுததைப் பார்த்தவர் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு ஃபிரிட்ஸைக் கும்பிட்டார். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பையன் அவரையும் யானையையும் மாறிமாறிப் பார்த்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு உள்ளேயும் இலவசம் என்பதால் அன்றைக்குப் படங்களையும் பார்த்தோம். இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் இரண்டு சிறிய பலகை ஓவியங்கள் இங்கே பெரிய பொக்கிஷம். இத்தாலியின் வெரோனாவில் சான் சேனோ தேவாலயப் பீடத்தின் அடிப்பகுதியில் இருந்தவை. 1797இல் நெப்போலியன் படை கொண்டுவந்தது. மேலிருந்த பெரிய ஓவியங்கள் பிறகு வெரோனாவுக்கே போய்விட்டன, இவை போகவில்லை. எனக்கென்னவோ அது நியாயமாகப் படவில்லை.

"யானையும் வெளியூரு, படமும் வெளியூரு. இவங்க ஊர்ப் பொருள் எங்கேம்மா?" என்றார் மாமியார்.

பக்கத்து ஊர் சாந்த்லூ கோட்டையிலிருந்து வந்தவற்றைக் காட்டினேன். அவை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பறிமுதல் செய்தவை என்பதை மட்டும் சொல்லவில்லை.